ஆள்காட்டி விரல் நீளம்

— பல்லைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு, வாயில என்னத்தையோ வச்சு நசுக்கிட்டு இருந்தீங்க. நான் உள்ளே வந்ததும் முழுங்கிட்டீங்க. என்ன அது, ஃபோர்மன்?

— ஒண்ணுமில்ல சம்பந்தி. பல் செட் உறுத்துச்சு, கழட்டினேன். மனுஷன் சொந்த வீட்ல பல்லைக் கழட்டக்கூடாதா?

— தாராளமா கழட்டலாம். என் பொண்ணை உங்க பையனுக்குக் கொடுத்து நாலு வருஷம் ஆகுது. ஒரு நாள்கூட உங்களைப் பல்லில்லாம நான் பார்த்ததில்ல. காய்ச்சல்ல கிடந்தீங்களே, அப்பகூட மாட்டிக்கிட்டுத்தான் கதவைத் திறந்தீங்க.

— வந்தவர் உக்காரலாமே. அந்த நாற்காலி இல்ல, இது. அது பேத்தி உக்கார்றது, தட்டு மாட்டியிருக்கு பாருங்க.

— தட்டு ஈரமா இருக்கே.

— தூசி விழுந்துச்சு. துடைச்சேன்.

— மூலையில கொஞ்சம் விட்டுட்டீங்க. உங்க வீட்ல தூசி காரட் நிறத்துல விழுமா?

— விழும்.

— முப்பத்திரண்டு வருஷம் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன் நான். டிக்கெட் இல்லாதவன் என்னைப் பார்க்கமாட்டான், ஜன்னலைத்தான் பார்ப்பான். நான் வந்ததிலிருந்து நீங்க ஜன்னலைத்தான் பார்க்கறீங்க.

— உங்க பொண்ணு அனுப்பினாளா?

— ஆமா, நான் மறைக்கல. "அப்பா, மாமாகிட்ட கேட்டா நாலு நாளா ஒரே பதில். குழந்தை சாப்பாட்டைக் கையில எடுக்கல, எடுக்கலங்கிறாரு. நீங்க போய் உங்க கண்ணால பார்த்துச் சொல்லுங்க"ன்னா. பன்னிரண்டு மணிக்கு டிப்போவிலிருந்து போன் பண்ணுவா. பிரசவ லீவு முடிஞ்சு இந்த வாரம் டிப்போவுல மறுபயிற்சி, திங்கட்கிழமை அவ பஸ்ஸை ஓட்டியாகணும். குழந்தைகள் காப்பகத்துல ஒரே ஒரு இடம்தான் இருக்கு. பன்னிரண்டரைக்குள்ள பதில் சொல்லலன்னா வேற குழந்தைக்குப் போயிடும்.

— போகட்டும். அந்தக் குழந்தைக்கு வீட்ல யாருமில்லையோ என்னமோ. இவளுக்கு நான் இருக்கேன்.

— காப்பகத்து அம்மா என்ன நிபந்தனை சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?

— நல்லா இருக்கு. எட்டுக் குழந்தைக்கு ஒரு ஆளாம். ஸ்பூன் பிடிச்சு ஊட்டறதுக்கெல்லாம் நேரம் கிடையாதாம். தட்டுல வச்சா தானே எடுத்துச் சாப்பிடற குழந்தைன்னா கொண்டு வாங்கன்னாங்க. நான் ஒரு கேள்வி கேட்டேன், எட்டும் ஒரே நேரத்துல அழுதா என்ன பண்ணுவீங்கன்னு. சிரிச்சாங்க. கேள்வி கேட்டா சிரிக்கிறவங்களை நான் நம்பறதில்ல.

— நீங்க யாரைத்தான் நம்பறீங்க?

— பட்டறையில அளவெடுத்த மைக்ரோமீட்டரை. அதையும் காலையில ஒரு தரம் சரிபார்த்துக்கிட்டுத்தான்.

— சரி. வர்ற வழியில உள் அறையில எட்டிப் பார்த்தேன். பேத்தி தூங்கறா. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடாத குழந்தை அப்படிக் கையைக் காலை விரிச்சுப் போட்டுத் தூங்காது. கழுத்து மடிப்புல ஒரு துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இதோ.

— அதை எதுக்கு உள்ளங்கையில ஏந்திக் காட்டறீங்க? நான் என்ன திருடனா?

— என்ன இது, பிஸ்கட்டா? தெருமுனைக் கடையில வாங்கினீங்களா?

— கடையிலயா? என்னைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னீங்க சம்பந்தி? அந்தக் கடைக்காரன் பிஸ்கட்டை நீங்க தொட்டுப் பார்த்திருக்கீங்களா? ஒரு பிஸ்கட் ரெண்டு மில்லிமீட்டர் தடிமன், பக்கத்துல இருக்கறது நாலு. அதைப் போய் என் பேத்தி வாயில வைப்பேனா?

— அப்ப நீங்க செஞ்சது. ஜன்னலைப் பார்க்காதீங்க, ஃபோர்மன். பிடிபட்டாச்சு.

— உங்க பொண்ணுகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லுங்க.

— முதல்ல காட்டுங்க. அப்புறம் யோசிக்கிறேன்.

— கையைக் கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு. ரயில் கையோட என் டப்பாகிட்ட வராதீங்க.

— கழுவியாச்சு. எங்கே?

— இதோ, மசாலா டப்பாவுக்குப் பின்னாடி. உங்க பொண்ணு அந்த அலமாரிப் பக்கம் வரமாட்டா, தும்மல் வரும் அவளுக்கு. மெதுவா.

— அடேயப்பா. எல்லாம் ஒரே அளவா இருக்கே.

— வேற எப்படி இருக்கணும்?

— பெட்டியில டிரில் பிட் அடுக்கின மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்களே. எது எதுன்னு சொல்லுங்க.

— மேல் வரிசை காரட், ஆவியில வெந்தது. அடுத்தது பேரிக்காய். அது வழுக்கும், அதனால ஓட்ஸைப் பொடி பண்ணி அதுல புரட்டியிருக்கேன். காரட்டுல வரிவரியா கீறியிருக்கேன் பாருங்க, கத்தி முனையால. ஸ்பேனர் கைப்பிடியில போடுவோமே, கை வழுக்காம இருக்க, அந்த மாதிரி. மூணாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கீழே இருக்கறதுதான் பிஸ்கட். பாட்டில் கூழ்ல சுட்டது.

— எந்தப் பாட்டில்?

— உங்க பொண்ணு வாங்கி அடுக்கினாளே ரெண்டு டஜன், ஆப்பிள் கூழ், காரட் கூழ், பட்டாணிக் கூழ்னு. இவ ஒண்ணையும் தொடல. ஸ்பூன் பக்கத்துல வந்தாலே முகத்தைத் திருப்பிக்கிறா. ஏன் திருப்பமாட்டா? குறை மாசத்துல பிறந்து மூணு வாரம் மூக்குல குழாய் போட்டு வச்சிருந்தாங்க. முகத்துக்கு நேரா வர்றது எதையும் அவ நம்பறதில்ல. டாக்டர் அதைப் பிடிவாதம்னாரு. நான் புத்தின்னு சொல்றேன்.

— உங்க ரத்தம். வேற எப்படி இருக்கும்?

— மருமக அந்தப் பாட்டிலெல்லாம் குப்பையில போடப் போனா. கொடும்மா நான் பார்த்துக்கறேன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். சரக்கு நல்ல சரக்கா இருந்தா வடிவத்தை மாத்திப் பார்க்கணும். அதை விட்டுட்டு சரக்கையே தூக்கிப் போடறதா?

— அதுல சர்க்கரை சேர்த்திருப்பாங்களே. இந்த வயசுல கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. தேனும் கூடாதாம்.

— எனக்குத் தெரியாதா? லேபிள்ல பொடி எழுத்து, எனக்குப் பெரிய எழுத்தே தடுமாறும். எதிர்வீட்டுப் பொண்ணைப் படிக்கச் சொன்னேன். அப்புறம் கீழ்வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு, அதையே படிக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணுபோல படிச்சாங்க, வெறும் பழம், சர்க்கரை இல்ல, உப்பு இல்லன்னு. அதுக்கப்புறம்தான் மூடியைத் திறந்தேன்.

— எதிர்வீட்டுப் பொண்ணை நம்பலையா?

— ஒரு அளவை ஒரு தரம் எடுத்தா அது அளவில்ல சம்பந்தி.

— சரி சரி. சுடறதுக்கு எங்கே கத்துக்கிட்டீங்க? உங்களுக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாதுன்னு கேள்வி.

— நாப்பது வருஷம் இரும்பைச் சூடு பண்ணிக் கடைஞ்சவன், மாவைச் சூடு பண்ணமாட்டேனா? ஆனா முதல் தட்டு ஓடு மாதிரி ஆயிடுச்சு. தட்டினா சத்தம் கேட்டுச்சு. மருமக வர்றதுக்குள்ள ஒளிச்சு வச்சு, காலையில நாய்க்குப் போட்டேன். நாய் மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. ரெண்டாவது தட்டு மேலே பொன்னா இருக்கு, உள்ளே பச்சை மாவு. அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு. பழைய பட்டறை வெப்பமானியை உள்ளே வச்சுப் பார்த்தேன். ஓவன் குமிழ் நூத்தி எண்பதுன்னு சொல்லுது, உள்ளே நூத்தி அறுபத்தி நாலு. பாருங்க, பொய் சொல்றதுக்கு ஒரு மெஷினைச் செஞ்சு விக்கிறான். குமிழ்ல சிவப்பு பெயிண்டால புள்ளி வச்சிருக்கேன் பாருங்க, அதுதான் உண்மையான நூத்தி எண்பது.

— ஓவன்ல பெயிண்டா? என் பொண்ணு கேக்கலையா?

— கேட்டா. நகப்பாலிஷ் சிந்திடுச்சு போலன்னேன்.

— நீங்க நகப்பாலிஷ்...

— அவ அதுக்கு மேல கேக்கல. அப்புறம் ஆப்பிள் கூழ்ல தண்ணி அதிகம்னு கண்டுபிடிச்சேன். அதை அடுப்புல வச்சுச் சுண்ட வச்சு, சர்க்கரைவள்ளியும் மசிச்சுப் போட்டு, ஓட்ஸ் மாவு, ஒரு மஞ்சக் கரு. உருட்டிக் கம்பி மாதிரி நீட்டி வெட்டினேன். ஏழாவது தட்டு சரியா வந்துச்சு. வெளியே பிடிக்கறதுக்கு விறைப்பு, வாயில போனா கரையணும். துண்டா உடைஞ்சு தொண்டைக்குள்ள போகக்கூடாது, அதுதான் முக்கியம்.

— அது கரையுதான்னு எப்படித் தெரியும்?

— பல் ஏன் டம்ளர்ல இருக்குன்னு கேட்டீங்களே. அவளுக்குக் கீழே ரெண்டே ரெண்டு பல்லு. எனக்கு அதுவும் இல்ல. ஒவ்வொரு தட்டுலயும் மூணு துண்டு எடுத்து இந்த ஈறுல வச்சு அமுக்கிப் பார்ப்பேன். என் ஈறுல நசுங்காத எதுவும் அவ தட்டுக்குப் போனதில்ல. சிரிக்காதீங்க.

— சிரிக்கல.

— உதடு சிரிக்குது.

— முதல் தடவை கொடுத்தப்பவே எடுத்துட்டாளா?

— அங்கதான் நான் சறுக்கினேன். சின்ன வாய், சின்னக் கை. அதுக்குத் தகுந்த மாதிரி சின்னப் பொருள்தானேன்னு காரட்டை ஒரு சென்டிமீட்டர் கட்டமா வெட்டினேன். அளவு எடுத்து வெட்டினேன் சம்பந்தி, மூலை கூட பிசகல. தட்டுல வச்சேன். எடுத்தா. கையை மூடினா, பொருளைக் காணோம். முஷ்டியை வாய்கிட்ட கொண்டுபோறா, உள்ளே இருக்கறது வாய்க்கு வரமாட்டேங்குது. கையைத் திறந்து பார்க்கிறா, கூழாயிடுச்சு. மறுபடி எடுக்கிறா, மறுபடி மறைஞ்சுபோகுது. அப்புறம் என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. நீயும் ஏமாத்தறியான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அழல. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

— அப்புறம்?

— அன்னிக்கு மத்தியானம் முழுக்கக் கையை இப்படி மூடி மூடிப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். சட்டுனு உறைச்சுச்சு. அரத்துக்குக் கைப்பிடி இல்லாம எவனாவது அராவுவானா? பிடிக்கறதுக்கு ஒரு பகுதி வேணும், வேலை செய்யறதுக்கு ஒரு பகுதி வேணும். வாய்கிட்ட கொண்டுபோய் முஷ்டியைத் திறக்க அவளுக்கு இன்னும் வரல, பிடிச்சா பிடிச்சதுதான். அப்ப முஷ்டிக்கு மேல முனை நீட்டிக்கிட்டு இருக்கணும். நாப்பது வருஷம் இதைத்தானே செஞ்சேன், இந்த மரமண்டைக்கு ரெண்டு நாள் ஆச்சு. என் ஆள்காட்டி விரல் நீளம், சுண்டு விரல் தடிமன். வெட்டி வச்சேன்.

— எடுத்தாளா?

— எடுத்தா. முனையைப் பார்த்தா. திருப்பி மறு முனையைப் பார்த்தா. மோந்தா. அப்புறம் தானா, தன் கையால, தன் வாயில வச்சா. செவ்வாய்க்கிழமை, பத்து மணி நாப்பது நிமிஷம்.

— நாலு நாளா தெரிஞ்சும் அவகிட்ட சொல்லல நீங்க.

— சொல்லல.

— பெத்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

— தெரியும். சாயங்காலம் அவ வரும்போதெல்லாம் நாக்கு நுனிவரைக்கும் வருது. சொன்னா திங்கட்கிழமை தூக்கிக் கொடுக்கணும். அவ காலையில அஞ்சு மணிக்குப் போனா சாயங்காலம்தான் வருவா. பையன் வேலை நடக்கற சைட்டு சைட்டா சுத்திட்டு மாசத்துக்கு ரெண்டு நாள் எட்டிப் பார்க்கிறான். நான் ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் சம்பந்தி. ஒன்பது வருஷமா காலையில எழுந்து, கையைக் கழுவி, இந்தக் கையை எங்கே வைக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். இப்ப ஆறு மணிக்கு காரட் வெட்டறேன். புரியுதா?

— உங்க முட்டிக்கு இவ நடக்க ஆரம்பிச்சா துரத்திக்கிட்டு ஓட முடியாதுன்னுதான் அவ காப்பகம் பார்த்தா. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல.

— நடக்கட்டும், அப்பப் பார்க்கலாம்.

— சத்தம் கேக்குதே. எழுந்துட்டாளா?

— எழுந்துட்டா இன்ஸ்பெக்டரம்மா. இருங்க, தூக்கிட்டு வர்றேன். நீங்க முகத்துக்கு நேரா குனிஞ்சு கொஞ்சாதீங்க, பிடிக்காது. பக்கவாட்டுல உக்காருங்க.

— எதுக்கு இன்ஸ்பெக்டர்?

— பார்க்கத்தானே போறீங்க. வாம்மா, வா. ஆச்சு, உக்காந்தாச்சு. முதுகு நேரா இருக்கணும், சாய்ஞ்சு உக்கார வச்சு எதையும் கொடுக்கக்கூடாது. பெல்ட்டைப் போட்டாச்சு. ஒரு காரட், ஒரு பிஸ்கட். ஒரே நேரத்துல நாலஞ்சு வச்சா குழம்பிடுவா. பேசாம இருங்க இப்ப.

— பார்க்கிறா.

— பார்ப்பா. அவசரப்பட்டு பாஸ் பண்றவ இல்ல.

— காரட்டைக் கீழே போட்டுட்டாளே.

— ரிஜெக்ட். குனிஞ்சு எடுங்க, பாருங்க. நுனியில கறுப்பா ஒரு புள்ளி இருக்கா?

— இருக்கே.

— நான் கண்ணாடி போட்டும் விட்டுட்டேன். அவ விடல.

— பிஸ்கட்டை எடுத்துட்டா. ஃபோர்மன், வாயில வச்சுட்டா. நம்ம பேத்தி, தானா... அட, முகம் சிவக்குதே. இருமுறாளே. ஏங்க, முதுகைத் தட்டுங்க.

— கையை எடுங்க. தொடாதீங்க. சத்தம் வருதில்ல, இருமுறாள்ல, அதுவே வெளியே தள்ளிடும். சத்தமே இல்லாம முழிச்சாத்தான் ஆபத்து, அப்ப என்ன பண்ணணும்னு நர்ஸம்மா கையைப் பிடிச்சுக் காட்டியிருக்காங்க. மூணு தரம் காட்டச் சொல்லி வாங்கினேன். பாருங்க, வந்துடுச்சு. மறுபடி கடிக்கிறா. பயந்தது நீங்கதான், அவ பயப்படல.

— பயப்படாம? எழுந்தே நின்னுட்டேன்.

— முதல் நாள் நானும்தான். இந்தாம்மா, அடுத்த பிஸ்கட். ரெண்டாவதும் முடிஞ்சது, பார்த்தீங்களா? காலையில அஞ்சு. இது மூணாவது போகுது.

— என்னைப் பார்த்து எதையோ நீட்டறாளே.

— அது... உங்களுக்குத்தான் கொடுக்கிறா.

— பாதி கடிச்சதை எனக்கா? வாயைத் திறந்தா வச்சுடுவா போலிருக்கே.

— திறங்களேன். நாலு நாளா கூடவே இருக்கேன், எனக்கு ஒரு துணுக்கு நீட்டினதில்ல. வந்த அரை மணி நேரத்துல உங்களுக்கு ஊட்டறா. வாங்கிக்கங்க, மூஞ்சியைச் சுளிக்காதீங்க, அப்புறம் அவ என் சமையல் மேலயே சந்தேகப்படுவா.

— ஃபோர்மன்.

— என்ன?

— நல்லா இருக்கு.

— இருக்கும்.

— அந்தத் துண்டைக் கரைச்சு முழுங்கறதுக்குள்ள எனக்கு என்னென்னமோ ஆயிடுச்சு. மூணு வாரம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்னு பார்த்தேன் இவளை. இன்னிக்கு எனக்கு ஊட்டறா.

— அழுறீங்களா?

— ஓட்ஸ் பொடி கண்ணுல விழுந்துச்சு.

— என் வீட்ல தூசி காரட் நிறத்துல விழும், உங்க கண்ணுல ஓட்ஸ் விழுமா? சரி, மணி என்ன?

— பன்னிரண்டுக்கு ரெண்டு நிமிஷம்.

— சம்பந்தி, உங்ககிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. கல்யாணத்துல கூட ஒரு வார்த்தை கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கறேன். எடுக்கலன்னு சொல்லிடுங்க. அந்த இடம் போனா அடுத்த இடம் வர ஒரு வருஷம் ஆகுமாம். ஒரு வருஷம் போதும் எனக்கு.

— முப்பத்திரண்டு வருஷத்துல டிக்கெட் இல்லாம ஒருத்தரை விட்டதில்ல நான்.

— தெரியும்.

— சொந்தத் தம்பிக்கே அபராதம் எழுதினவன்.

— அதுவும் தெரியும். அவர் இன்னும் உங்ககூடப் பேசறதில்ல.

— போன் அடிக்குது. சரி, உங்க ஒருத்தரை விடறேன். குழந்தையைப் பிடிச்சுக்கங்க, சத்தம் போடாம.

— பிஸ்கட் கையில இருக்கும்போது அவ சத்தம் போடமாட்டா. பேசுங்க.

— ஹலோ, ஆமாம்மா, வந்துட்டேன். பார்த்தேன்... ம். இல்லம்மா, எடுக்கல. தட்டுல வச்சுப் பார்த்தோம்... மாமாவும்தான் பாவம் எவ்வளவோ முயற்சி பண்றாரு. சும்மா பார்த்துட்டு இருக்கா... அது சரி, காப்பகத்து அம்மா வேற என்ன சொன்னாங்க?... ஓ. சேர்க்கை அட்டையில 'வளர்ச்சி பின்தங்கியிருக்கு'ன்னு எழுதணுமாமா? எழுதிக்கட்டும்மா, உண்மையைத்தானே எழுதறாங்க. குறை மாசத்துல பிறந்த குழந்தை, மத்த குழந்தைங்க அளவுக்குக் கை வராதுதான். பின்தங்கித்தான் இருக்கா, நாம ஒத்துக்கணும். அந்த அளவுக்கு இன்னும் அறிவு...

— போனைக் கொடுங்க.

— இரும்மா ஒரு நிமிஷம். என்ன ஃபோர்மன், நீங்க சொல்லச் சொன்னதைத்தானே...

— கொடுங்கன்னேன்.

— இந்தாங்க.

— அம்மா, நான்தான் பேசறேன், மாமா. உங்கப்பா சொன்னது அத்தனையும் பொய், நான் சொல்லச் சொன்ன பொய். பின்தங்கினவளாமே, யாரு, இவளா? இன்னிக்கு மட்டும் எட்டுத் துண்டு, ஒவ்வொண்ணும் தன் கையால, சரியில்லாததைத் திருப்பி அனுப்பிட்டு; அந்த அம்மாகிட்ட சொல்லு, அட்டையில அதை எழுதச் சொல்லு, திங்கட்கிழமை காலையில நானே தூக்கிட்டு வர்றேன், மத்த ஏழு பேரும் இவளைப் பார்த்துக் கத்துக்கட்டும்.